பிளேட் உடையாத வண்டி

நேசையா மாமா எந்த வீட்டுக்குப் போனாலும் தெரு முக்கில் சற்று நிற்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுப்பார். பிறகுதான் மேலே நடப்பார். கலியாண வீடானாலும் சரி, கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி, அந்த நிற்பு உண்டு. சிறு வயதில் அவருக்கு ஒரு காது மந்தம் என்று நினைத்திருந்தேன்.

அவர் கேட்டது தச்சனை. மாமா வண்ணார்பேட்டையில் போட்டோக் கடை வைத்திருந்தார். ஒரு மிஷன் துரைக்குக் கேமராப் பெட்டி தூக்கப் போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். உயிரோடு இருக்கிறவர்கள் அவரிடம் அதிகம் வரவில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்தார்கள், அல்லது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் செத்துப்போன பிறகுதான் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை என்பது நினைவுக்கு வரும். உடனே வண்ணார்பேட்டைக்கு ஆள் ஓடும். மாமா தம்முடைய பெட்டியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு எங்கள் அப்பாவின் மாட்டுவண்டியில் ஏறுவார்.

சாவு வீட்டுத் தெரு முக்கில் நின்றால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ரம்பம் இழுபடும் சத்தம் கேட்டால் தச்சன் இப்போதுதான் சவப்பெட்டிக்குப் பலகை அறுக்கிறான், நேரம் இருக்கிறது. சுத்தியல் கேட்டால் ஓட வேண்டும். இரண்டும் இல்லாமல் பாட்டு மட்டும் கேட்டால் ஆணி அடித்தாயிற்று. இந்து வீடுகளில் சங்கை வைத்துக் கணக்கிடுவார். இந்தப் பழக்கம் வேலையை விட்டு மற்ற இடங்களுக்கும் அவரோடு வந்துவிட்டது. அதை அவர் அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அவர் துக்கப்பட்ட சம்பவம் ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டி, முகவாயை நிமிர்த்தி, கண்ணைப் பாதி திறந்து வைப்பார். சுற்றி நின்று கதறுகிறவர்களிடம், "கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்கம்மா, வெளிச்சத்தை மறைக்கிய" என்பார். அந்தக் குரலில் கடுமையும் இருக்காது, பரிவும் இருக்காது. வீட்டிலும் அதே குரலில்தான் குழம்பு கேட்பார்.

அவரை அசைத்தது ஒன்றே ஒன்றுதான்: நேரம் தவறிப் போய்ச் சேர்வது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஓர் ஊரில் சபையில் வேதம் போதித்த ஒரு பழைய உபதேசியார் இறந்துபோனார். கோடை விடுமுறை என்பதால் நானும் வண்டியில் போயிருந்தேன். ஆற்றோரப் பாதையில் மணல். மாடுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தன. ஊரை அடைந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மாமா முக்கில் இறங்கிக் காது கொடுத்தார். பாட்டு கேட்டது. அவர் திரும்பி வண்டியில் ஏறப்போனார். அதற்குள் உபதேசியாரின் மகன் எங்களைப் பார்த்து ஓடிவந்துவிட்டான்.

"பெட்டியை அறைஞ்சாச்சு அண்ணாச்சி. திறக்கக் கூடாதுன்னு பாதிரி ஐயரு சொல்லுதாரு."

"ஐயரு சொன்னா சரிதான்."

"எங்க அப்பா முகம் எனக்கு எம்புட்டு நாளைக்கு ஞாபகத்துல இருக்கும்?"

அவன் அதைக் கேள்வியாகவே கேட்டான், விடைக்காகக் காத்தும் நின்றான். கடைசியில் அப்பாதான் மாட்டைத் திருப்பினார்.

திரும்பும் வழியில் மாமா சொன்னார்: "மச்சான், இனி மாடு சரிப்படாது."

அப்பாவுக்குச் சுருக்கென்று பட்டது. அந்த வண்டியை ஓட்டித்தான் என்னைக் காலேஜில் சேர்த்திருந்தார். "மாடு என்னவே செய்யும்? செத்தவுக முந்துன நாளே சொல்லி அனுப்பிட்டா சாவுதாக?"

"உம்ம மாட்டைச் சொல்லலை. வெயில் முகத்தை விடமாட்டேங்குது. வாய் தொங்கிருது, கன்னம் உப்பிருது. அது வேற ஆளு. அதுக்கு முந்தி நான் போயிரணும்."

அவர் தம் வேலையைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அது 1913. ஜில்லாவில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம், எல்லாரும் துரைமார், ஜமீன்தார்கள். மோட்டார் சைக்கிள் அதைவிட அபூர்வம். பேட்டையில் முகம்மது சுல்தான் என்றொரு வியாபாரி கொழும்போடு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்ற மோட்டார் சைக்கிளை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். சர்வே வேலைக்கு வந்து மாற்றலாகிப் போன இன்னொரு துரையுடைய வண்டியும் அவர் சரக்குக் கிட்டங்கியில் நின்றது. இரண்டையும் வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

பணம் எப்படித் திரண்டது என்பதை விட்டுவிடுகிறேன். இன்பமணி அத்தை, என் அப்பாவின் தங்கை, ஒரு மாதம் மாமாவோடு பேசவில்லை என்பது மட்டும் தெரியும். நாற்பது தாண்டிய மனிதர், மிதிவண்டியைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார். நான் இங்கிலீஷ் படித்தவன் என்பதுதான் காரணம். அப்பா தாமாகவே வந்தார். மாடு வாங்கப் போகிறவர்களோடு போய்ப் பழகியவர், இதற்கும் வராமல் இருக்க முடியவில்லை.

கிட்டங்கியில் மிளகாய் வற்றல் நெடி. இரண்டு வண்டிகளும் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றன. ஒன்று மெலிந்தது. ஏறக்குறைய மிதிவண்டிதான், நடுவில் ஓர் இயந்திரத்தைச் சொருகி, தோல் பட்டையால் பின் சக்கரத்தோடு இணைத்திருந்தார்கள். மிதிகட்டையை மிதித்தால் கிளம்பிவிடும், நிறுத்திவிட்டு ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டும் போகலாம். மற்றது கனத்தது. முன் சக்கரத்துக்கு மேலே சுருள்வில்லும், உட்காரும் தோலுக்குக் கீழே இன்னும் இரண்டு வில்லும் இருந்தன. அதைக் கிளப்பக் கூடவே ஓடி, பொறி பற்றியதும் தாவி ஏற வேண்டும்.

அப்பா இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாட்டுக்குன்னா பல்லைப் பிடிச்சுப் பாக்கலாம். இதுக்கு எங்கனவே பல்லு?"

"பல்லு கிடையாது அண்ணாச்சி, அதனாலதான் கடிக்காது" என்றார் சுல்தான்.

"தீனி?"

"பெட்ரோலு. தூத்துக்குடியிலேருந்து டின்னுல வருது."

"சாணி போடுமா?"

"புகை போடும். வரட்டி தட்ட முடியாது, அதுதான் ஒரு குறை."

துரை விட்டுப்போன மோட்டார் பத்திரிகை ஒன்று மெலிந்த வண்டியின் பையில் இருந்தது. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான பக்கத்தைத் தேடி நான் வாசித்து மொழிபெயர்த்தேன். முதல் வண்டி லேசானதாக இருக்க வேண்டும், விழுந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், வலிமையில் ஆசைவைத்துக் கனத்த வண்டியை வாங்குகிறவன் வருந்துவான் என்று போட்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படித்த படிப்பு என் குடும்பத்துக்கு முதல்முதலாகப் பயன்பட்ட சமயம் அது.

"அப்ப மெலிஞ்சதுதான்" என்றார் அப்பா.

மாமாவுக்கும் அதுவே பிடித்திருந்தது. அவர் சொன்ன காரணம் மட்டும் வேறு. "தெரு முக்குல நிறுத்திரலாம். அங்கேருந்து தள்ளிக்கிட்டுப் போயிரலாம். இம்புட்டுச் சத்தத்தோட அழுத வீட்டுக்குள்ள போவ முடியாது."

பிறகு இரண்டு வண்டிகளின் பின்புறத்தையும் கையால் அழுத்திப் பார்த்தார். "பிளேட்டு தாங்குமா?"

அதுதான் கேள்வி. அவருடைய படங்களெல்லாம் கண்ணாடிப் பிளேட்டில்தான் பதியும். எடுத்த பிளேட்டை உடையாமல் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அது படம். நேரத்தோடு போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் உடைத்துவிட்டால் போகாததற்குச் சமம்.

பிளேட் உடைகிறதா என்று பார்க்கப் பிளேட்தான் வேண்டும். மறுநாள் மாமா கடையிலிருந்து ஒரு பழைய பெட்டியைத் தூக்கிவந்தார். புதுப் பிளேட் விலை அதிகம். பெட்டியில் இருந்தவை, யாரும் வந்து வாங்காத படங்களின் பிளேட்டுகள். எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு மனசு வராமலோ, இறந்த ஆளின் படத்தை வீட்டில் வைக்கக் கூடாதென்று யாரோ சொன்னதாலோ, வராமல் போனவர்கள். அப்படிப்பட்டவற்றை மாமா மூன்று வருஷம் வைத்திருப்பார்.

"கெடு முடிஞ்சதா மட்டும் எடுத்தேன்" என்றார். "இனிமே யாரு வரப்போறா? கனமும் அதே கனம், பெட்டியும் அதே பெட்டி."

எனக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரிகிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெட்டியில் பாதியை மெலிந்த வண்டியின் பின்னால் கட்டினோம். சுல்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார். வண்டி தெரு முனையில் வரும்போதே பெட்டிக்குள் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் முழுதாக ஒன்றிரண்டுதான் இருந்தன. மாமா துண்டுகளைச் சாக்கில் கொட்டினார். மீதிப் பாதியைக் கனத்த வண்டியில் கட்டினோம். அதே பாதை, அதே சுல்தான். இந்தத் தடவை ஒன்றிரண்டுதான் உடைந்திருந்தன.

சாக்கில் ஒரு துண்டை நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு கிழவரின் நெற்றியும் ஒரு கண்ணும் இருந்தன. பிளேட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும்: முகம் கறுப்பு, தலைமயிர் வெளுப்பு. "யாரு மாமா இது?" என்றேன். மாமா வாங்கிப் பார்த்தார். "முன்னீர்பள்ளத்து ஆளு" என்று சொல்லிவிட்டுச் சாக்கில் போட்டார்.

"கனத்ததையே எடுத்துக்கிடுதேன்" என்றார் சுல்தானிடம்.

"அப்ப முக்குல நிறுத்தித் தள்ளணுமே?" என்றேன்.

"தள்ளுவோம்."

பத்திரிகைக்காரன் சொன்னது பொய்யில்லை. ஓட்டிப் பழகிய மாதத்தில் மாமா இரண்டு தடவை வாய்க்காலில் இறங்கினார். சூடான குழாயில் பட்டுக் கெண்டைக்கால் வெந்தது. அப்பா வந்து பார்த்து, "கடிக்காதுன்னாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்ணார்பேட்டைப் பையன்கள் அவர் ஓடித் தாவுவதைப் பார்க்கவே காலையில் கூடுவார்கள். மாமா அவர்களைத் திட்டவும் இல்லை, அவர்களோடு சிரிக்கவும் இல்லை. ஓடினார், தாவினார், விழுந்தார், எழுந்தார். பழகிவிட்டார்.

அதன்பிறகு அவர் நேரம் தவறியதாக நான் கேள்விப்படவில்லை. சேரன்மகாதேவிக்கு அப்பாலும் சீவலப்பேரிக்கு அப்பாலும் முகம் மாறுவதற்குள் போய்ச் சேர்ந்தார். தெரு முக்கில் இயந்திரத்தை நிறுத்துவார். காது கொடுப்பார். பிறகு அந்தக் கனத்த வண்டியை, குனிந்து, வேர்த்து, தள்ளிக்கொண்டு போவார். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து வழிவிடுவார்கள்.

வண்டியை நிறுத்தக் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். திருட்டுப் பயத்துக்கு அதைச் சுற்றி ஆள் உயர மதில் கட்டினார். மதில் தலையில் பதிக்கக் கண்ணாடிச் சில்லு வேண்டுமே என்று கொத்தனார் கேட்டபோது, மாமா அந்தச் சாக்கைக் காட்டினார்.

யுத்தம் தொடங்கிய வருஷம் ஐயம்பெருமாள் பிள்ளை வந்தார்.

நான் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது இருக்கும் அவருக்கு. நெற்றியில் திருநீறு, கையில் கொழும்புத் தகரப் பெட்டி. கப்பல் இறங்கிய கையோடு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நாலு வருசத்துக்கு முந்தி குறுக்குத்துறைப் பக்கம் ஒரு வீட்டுல பிள்ளையைப் படம் எடுத்தீங்களாம். கோமுன்னு பேரு. ரெண்டு வயசு. எங்க அப்பா எழுதியிருந்தாக."

மாமா தலையசைத்தார்.

"நான் கொழும்புல கடையில இருந்தேன். அது பிறந்ததுலேருந்து நான் பாத்தது கிடையாது. நான் பாக்கட்டுமேன்னுதான் எடுக்கச் சொன்னாகளாம். பிள்ளை போன அதே வாரத்துல தாயும் போயிட்டா, எம் பொஞ்சாதி சொர்ணாம்பா. வாந்திபேதி. பிறகு எங்க அப்பாவும். படத்தை வாங்க ஆளு இல்லாமப் போச்சு. முதலாளி இப்பத்தான் விட்டாரு. படத்தைக் குடுத்தீங்கன்னா..."

மாமா அவரை உட்காரச் சொன்னார். "நாளைக்கு வாங்க, தேடி வைக்கேன்" என்றார். அவர் போனபிறகு அலமாரியைத் திறக்கக்கூட இல்லை. தேட வேண்டியதே இல்லை. அந்தப் பிளேட் எங்கே போனது என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாப்பிடும்போது மாமா அத்தையிடம் விஷயத்தைச் சொன்னார். அத்தை கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அலமாரியில வேற பிள்ளைப் படம் இருக்குல்ல?"

"இருக்கு."

"ரெண்டு வயசுப் பிள்ளை?"

"இருக்கு."

"அதுல ஒண்ணைக் குடுத்திருங்க."

மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன பேசாம இருக்கிய? அந்த மனுசன் பிள்ளையைப் பாத்ததே இல்லை. தாயும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஒரு படத்தைக் குடுத்தா அதை வச்சு அழுதுட்டுப் போவான். இல்லைன்னு சொன்னா எதை வச்சு அழுவான்? யாருக்கு நட்டம், சொல்லுங்க."

"பொய்யில்லா, இன்பம்."

"பொய்யிதான். நான் இல்லைங்கலை."

மாமா என்னைப் பார்த்தார். தருக்கமும் நீதி சாஸ்திரமும் படித்தவன் நான். அத்தையின் பேச்சில் எங்கே ஓட்டை என்று தேடினேன். அகப்படவில்லை. இன்றைக்கும் அகப்படவில்லை. ஆனால் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. "தெரியலை மாமா" என்றேன். அவர் சோற்றின் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை ஐயம்பெருமாள் பிள்ளை தலைவாரி, சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். பெண் பார்க்கப் போகிறவரைப் போல இருந்தார். கடை மேஜையில் மாமா ஒரு படத்தை எடுத்து வைத்திருந்தார். அலமாரியிலிருந்த ஒரு பெண் குழந்தை, யாருடையதோ. அது குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அப்படியானால் அத்தை ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐயம்பெருமாள் பிள்ளை அதை எடுக்கக் கை நீட்டினார். மாமா அதன்மேல் தம் கையை வைத்துக்கொண்டார்.

"இது உங்க பிள்ளை இல்லை" என்றார், வெளிச்சத்தை மறைக்காதே என்று சொல்கிற அதே குரலில். "உங்க பிளேட்டு உடைஞ்சுபோச்சு. நான்தான் உடைச்சேன். மோட்டார் வண்டி வாங்குதப்ப, எது ஆடாமப் போவுதுன்னு பாக்க, அதை வச்சுக் கட்டி ஓட்டினோம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மாமா மறுபடி முதலிலிருந்து சொன்னார். விளங்கிய பிறகும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உடைஞ்ச துண்டாவது இருக்கா?"

மாமா எழுந்து பின்பக்கம் நடந்தார். நாங்கள் தொடர்ந்தோம். கொட்டகையில் வண்டி நின்றது. ஐயம்பெருமாள் பிள்ளை அதை ஒரு தடவை பார்த்தார். மாமா கையை மேலே காட்டினார். மதில் தலை நெடுகச் சுண்ணாம்பில் சில்லுகள் நின்றன. காலை வெயில் அவற்றின் பின்னாலிருந்து அடித்தது.

அவர் தகரப் பெட்டியைக் கீழே வைத்தார். மதிலோரமாக அண்ணாந்துகொண்டே மெல்ல நடந்தார். பெரும்பாலும் வெறும் கண்ணாடி, வெயிலும் மழையும் உருவத்தை உரித்துவிட்டிருந்தன. சிலவற்றில் இன்னும் இருந்தது. நாற்காலிக் கை ஒன்று. ஒரு சேலைக் கரை. ஒரு காது. அவர் ஒவ்வொன்றிலும் நின்றார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி வந்தார்.

"எப்படி இருந்தா?" என்றார் மாமாவிடம். "நீங்க பாத்தீங்கள்ல. என் சாயலா?"

மாமா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "கேமராப் பெட்டிக்குள்ள தலைகீழாத்தான் தெரியும். நான் எல்லாரையும் அப்படித்தான் பாக்கேன்" என்றார். பிறகு, "புருவத்துக்கு மேல ஒரு மச்சம்" என்றார். பிறகு, "எந்தப் பக்கம்னு சொல்ல முடியலை."

மூலைப் பக்கத்தில் கொட்டகை நிழல் விழும் இடத்தில் ஒரு சில்லு கெடாமல் இருந்தது. ஒரு குழந்தையின் பாதமும் கணுக்காலும். கணுக்காலில் ஒரு கயிறு. மாமா உளியைக் கொண்டுவந்து சுண்ணாம்பைக் கொத்தி அதைப் பெயர்த்தெடுத்தார். அவர் விரலில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டார். உள்ளே போய் அதைத் தாளில் ஏற்றிக் கொண்டுவந்தார். படத்தில் பாதம் வெளுத்து, கயிறு கறுத்து, சரியாகத் தெரிந்தது. ஐந்து விரலும் தெரிந்தன.

ஐயம்பெருமாள் பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது கோமு காலுதானா?"

நான் மாமாவைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல் போதும். முந்தின படத்தைப் போல இது முழுப் பொய்யும் அல்ல, உண்மையாகவே இருக்கலாம்.

"அந்தப் பிளேட்டுப் பெட்டியில கயித்துக்கால் பிள்ளைக ரெண்டு இருந்துது" என்றார் மாமா. "எதுன்னு தெரியலை."

ஐயம்பெருமாள் பிள்ளை படத்தை மேஜைமேல் வைத்தார். "இங்கனயே இருக்கட்டும். தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க" என்றார். கொழும்புக் கடையின் விலாசத்தைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

"சொல்லி அனுப்புதேன்" என்றார் மாமா.

ஐயம்பெருமாள் பிள்ளை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்து போனார்.

அடுத்த வாரம் மாமா வண்டியை எடுத்தார். யாரும் செத்திருக்கவில்லை. என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தெரு முக்கில் நிறுத்தி, வழக்கம்போலக் காது கொடுத்தார். உரலில் இடிக்கிற சத்தம்தான் கேட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வீட்டு வாசலுக்குப் போனோம். அந்த இன்னொரு பிள்ளையின் வீடு. தாய் வெளியே வந்தாள், இடுப்பில் வேறொரு குழந்தை. மாமா பாதத்தின் படத்தைக் காட்டினார்.

"உங்க பிள்ளைதானா பாருங்கம்மா."

அவள் நீண்ட நேரம் பார்க்கவில்லை. "எங்க பிள்ளைக்கும் கயிறு கட்டியிருந்தோம்" என்றாள். பிறகு, "எல்லாப் பிள்ளைக் காலும் இப்படித்தானே அண்ணாச்சி இருக்கும்" என்றாள். பிறகு, "முகம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நாங்க வாங்க வரலைங்கதுக்காவ நீங்க வச்சிருக்கப்படாதா?"

மாமா படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் இடுப்பிலிருந்த குழந்தை வண்டியின் விளக்கைத் தொடக் கை நீட்டியது. அவள் அதன் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் மாமாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு வருத்தமாக இருக்கிறதா என்று ஊகிக்க முயன்றேன். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல பாதையில் எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டினார். வண்டி ஆடவே இல்லை. எனக்கும் அன்றைக்கு மனசுக்குள் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. படித்தவன் ஏதாவது உணர்ந்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

அதற்குப் பின் அவர் அலமாரிப் பிளேட்டுகள் எதையும் எறியவில்லை. கெடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அலமாரி நிறைந்து, கொட்டகையிலும் அடுக்கினார். வண்டியைக் கடைக்கு முன்னால் வெயிலில் நிறுத்த வேண்டி வந்தது. அந்த மதில் எதற்குக் கட்டினோம் என்று அத்தை கேட்டாள்.

யுத்தம் முடியும் சமயத்தில், போன வருஷத்து விஷக் காய்ச்சலில், மாமா நாளெல்லாம் ஓடினார். ஒரு தெருவில் எடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் அடுத்த தெருவிலிருந்து ஆள் நிற்கும். பெட்ரோல் கிடைக்காத நாட்களில் அப்பா மாட்டுவண்டியைப் பூட்டினார். ஒரு நாள் சாயங்காலம் வந்து படுத்த மாமா எழுந்திருக்கவில்லை. ஜன்னி ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சாலமோன். கொழும்புக்கு எழுதினியா?"

"என்னன்னு எழுத, மாமா?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வண்டியை முகம்மது சுல்தானே திரும்ப வாங்கிக்கொண்டார். பாதத்தின் படம் என்னிடம் இருக்கிறது, விலாசமும் இருக்கிறது. தெரிந்தால் சொல்லி அனுப்புவதாக மாமா ஒப்புக்கொண்ட சேதி ஐயம்பெருமாள் பிள்ளைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.